அபிஷேகம் இல்லை, சுகர்

ஆண்டவருக்கு நன்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தச் சாட்சியின் பெரும்பகுதியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

என் பெயர் கெசியா. பி.காம் முடித்திருக்கிறேன். வீடு கவரைப்பேட்டை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பி மில்லில் காண்ட்ராக்ட் ஆள். அம்மா வீட்டில் பிளவுஸ் தைப்பாள். எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து சுகர். பெரியவர்களுக்கு வரும் மாத்திரை சுகர் இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன டைப் ஒன். ஊசி போட்டால் இருப்பேன், போடாவிட்டால் இருக்க மாட்டேன். அழுவதற்கு ஒன்றுமில்லை. போனுக்கு சார்ஜர் மாதிரி.

போன வருடம் மழை ஆரம்பித்த சமயத்தில் நைனாவின் மில்லில் காண்ட்ராக்டர் மாறினார். புது ஆள் அதே ஆட்களை அதே வேலைக்கு எடுத்துக்கொண்டார். தொழிலாளர்களுக்கான மருத்துவ அட்டையில் மட்டும் நைனா பெயரை ஏற்றவில்லை. கேட்டால் அடுத்த மாசம். அடுத்த மாதம் கேட்டால் அதற்கு அடுத்த மாசம். அந்த அட்டையில்தான் எனக்கு இன்சுலின் வந்துகொண்டிருந்தது. அட்டை செத்தது, மருந்தும் நின்றது.

மெடிக்கலில் வாங்கினோம். கொஞ்ச நாள் ஓடியது. இன்சுலின் மட்டும் என்றால் எப்படியோ இழுத்திருப்போம். அதைப் போட பேனா, பேனாவுக்கு ஊசிமுனை, விரலைக் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்க்க மெஷின், மெஷினுக்கு ஸ்ட்ரிப். மெஷின் ஒரு தடவை வாங்கினால் போதும். ஸ்ட்ரிப் சிப்ஸ் பாக்கெட் மாதிரி தீரும். முதலில் ஸ்ட்ரிப்பை நிறுத்தினோம். பிறகு ஒரே ஊசிமுனையைத் திரும்பத் திரும்பப் போட்டேன். மொக்கையான ஊசி உள்ளே போகும்போது சத்தமே கேட்பதுபோல இருக்கும்.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கேட்க முடியாது. எனக்கு சுகர் என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. சபையிலும் தெரியாது. அம்மாவின் ஏற்பாடு அப்படி. கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணுக்கு வியாதி என்று வெளியே வந்தால் கதை முடிந்தது என்பது அவள் கணக்கு. இன்சுலின் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு பழைய ஊறுகாய் டப்பாவுக்குள் இருக்கும். ஊசி போடுவது பாத்ரூமில்.

அரசு சுகாதார நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்யும் நர்சம்மா எங்கள் எதிர் வீடு. நைனாவுக்கும் அம்மாவுக்கும் இதில்தான் சண்டை.

"அந்த நர்சம்மாவ போய் கேட்டா இன்னாடி? வாயில இன்னா மைக்கா கட்டிக்கினு இருக்கா?"

"மைக்கே தேவலாம்யா. மைக்குக்காவது கரண்டு கட்டாவும்."

"புள்ள செத்துட்டா யாருக்குடி கல்யாணம் பண்ணுவ?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

நைனா எழுந்துவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பகலில் உபவாச ஜெபம். பாஸ்டர் ஒவ்வொருவரிடமும் விண்ணப்பம் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. கடன்காரன் வாசலில் நின்றால் 'பொருளாதார ஆசீர்வாதம்'. புருஷன் குடித்துவிட்டு அடித்தால் 'குடும்ப சமாதானம்'. உடம்புக்கு என்ன வந்தாலும், பல்வலியிலிருந்து புற்றுநோய்வரை, 'சரீர பெலவீனம்'. அம்மாவும் என்னைக் காட்டி அதையே சொல்வாள். பாஸ்டர் என் தலையில் கைவைத்து, இந்த மகளுக்குப் பெலன் கொடும் என்று உருக்கமாக ஜெபிப்பார். ஒரு தடவை ஜெபம் முடிந்ததும் தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார்.

வீட்டில் அம்மாவின் ஜெபம் வேறு. விடியற்காலையில் தையல் மெஷின் பக்கத்தில் முழங்கால் போட்டுச் சொல்வாள். "ஆண்டவரே, வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. மருந்துக்கும் நீரே ஒரு வழி பண்ணணும்." தினம் இதே இரண்டு வரி. நானும் ஆமென் சொல்வேன். எங்களுக்கு அது ஒரே ஜெபமாகத்தான் தெரிந்தது.

வழி எதுவும் வரவில்லை. அதனால் நான் பி.காம் மூளையால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், ஏறினால் ஊசி. சாப்பிடாவிட்டால் ஏறாது, ஊசியும் மிச்சம். வரவு குறைந்தால் செலவு குறையும். சாப்பாட்டைக் குறைத்தேன், இன்சுலினையும் குறைத்தேன். கணக்கு டேலி ஆனது. உடம்பு கணக்குப் பாடம் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த நேரத்தில்தான் மெர்சி ஆண்ட்டி உள்ளே வருகிறார். எங்கள் சபையில் நடந்த கல்யாணங்களில் பாதி அவர் பேசி முடித்தது. ஒரு ஞாயிறு யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஆராதனை முடிந்ததும் பிரியாணி பொட்டலம் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

"இன்னாடி, பிரியாணிய வேணான்ற? எவனாவது குண்டுன்னு சொன்னானா?"

"இல்ல ஆண்ட்டி. வேணாம்."

"நீயா வேணான்ற? போன மாசம் என் எலயில இருந்து லெக்பீஸ எடுத்தவதான நீ? ஏய்... உபவாசமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாக்கா. கொஞ்ச நாளா இருந்துக்கினு இருக்கா."

அவ்வளவுதான். அடுத்த வாலிபர் கூட்டத்தில் பாஸ்டரம்மா என்னை எழுப்பி நிற்க வைத்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளெல்லாம் போனை நோண்டிக்கொண்டு கிடக்க, கெசியா உபவாசத்தில் நிற்கிறாள் பாருங்கள் என்றார். பையன்கள் முறைத்தார்கள். வெளியே வந்ததும் ஒருவன் சொன்னான்: "உன்ன மாதிரி இருக்கச் சொல்லி எங்கூட்ல காலைல நாஷ்டா கட்டு. போதுமா உனுக்கு?"

என் கன்னம் ஒட்டியது. கண்ணுக்குக் கீழே கருத்தது. முகத்தில் ஒரு தேஜஸ் தெரிகிறது என்றார்கள்.

அந்தத் தேஜஸை நம்பி மெர்சி ஆண்ட்டி ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு வரனையும் கொண்டுவந்துவிட்டார். பையனுக்கு டயர் கம்பெனியில் நிரந்தர வேலை. பையனின் அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை, பெண் ஜெபிக்கிற பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து பெண்ணை ஒரு பார்வை பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அன்று முழுக்கப் பாடிக்கொண்டே தைத்தாள். எனக்கு டபுள் வேலை. இனிமேல் சுகரையும் மறைக்க வேண்டும், உபவாசத்தையும் நடிக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே வாந்தி. வயிற்றைப் பிசைந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டியது. முந்தின இரவு ஊசியை முழுசாகவே விட்டிருந்தேன். டப்பாவில் கடைசிக் கொஞ்சம்தான் மிச்சம், அவர்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்க்கும் நாளுக்கு வேண்டும் என்று வைத்திருந்தேன்.

"முடியலன்னா படுத்துக்கோடி," என்றாள் அம்மா.

"அவங்க வர்றாங்க இல்ல?"

அம்மா சீப்பை எடுத்தாள். எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள்.

சபை தகர ஷீட் போட்ட கூடம். வெளியே மழை. ஊத்துக்கோட்டை அம்மா வாடகைக் காரில் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்தது. எழுந்து நின்று கையை உயர்த்தினேன். மூச்சு வேகமாக வாங்கியது. ஷீட் ஒருமுறை சுற்றியது. விழுந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. நான் அங்கே இருந்தேன் என்பதற்கு மட்டும் சாட்சிகள் உண்டு.

எங்கள் மாதிரி சபைக்கு வராதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஆராதனை நேரத்தில் யாராவது விழுந்தால் நாங்கள் பதற மாட்டோம். ஆவியானவர் இறங்கியிருக்கிறார், அபிஷேகம் என்று எடுத்துக்கொள்வோம். பெண் என்றால் கால்மேல் ஒரு போர்வை போர்த்துவார்கள். அதற்கென்றே பெட்ஷீட் மடித்து வைத்திருக்கும். யாரும் தொட மாட்டார்கள், எழுப்ப மாட்டார்கள். பாட்டின் வேகம் கூடும். எனக்கும் அதுவே நடந்தது. பாஸ்டரம்மா போர்வை போர்த்தினார். டிரம்ஸ் அடிக்கிறவன் வேகம் கூட்டினான். நான் ஆழ ஆழ மூச்சு வாங்கியதைப் பார்த்து, பெலமான அபிஷேகம் என்று நாலு பேர் கண்ணீர் விட்டார்கள். ஊத்துக்கோட்டை அம்மா மெர்சி ஆண்ட்டியின் கையைப் பிடித்து அழுத்தினாராம். பெண் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என் மூச்சில் அழுகிய பழ வாசனை வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நான் முதல்முறை விழுந்தபோது வந்த அதே வாசனை. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு பாட்டு முடியும்வரை சும்மா இருந்தாள். இதைப் பிறகு அவளே சபை நடுவில் நின்று சொன்னாள், அதனால் நான் எழுதலாம்.

அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் அம்மா எழுந்தாள். நேராக மேடைக்குப் போய் பாஸ்டர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"பாட்ட நிறுத்துங்க! அபிஷேகம் இல்ல, சுகரு! எம் பொண்ணுக்கு சுகரு! ஊசி போடாம பட்டினி கெடக்குறா! உபவாசமும் இல்ல ஒண்ணும் இல்ல! யாராச்சும் வண்டி எடுங்கய்யா!"

சபையின் ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து இருக்கும். யாருக்கும் தெரியக் கூடாது என்று வருடக்கணக்காகக் காப்பாற்றிய விஷயம் ரயில் நிலையம்வரை கேட்டது.

டிரம்ஸ் நின்றது. பாஸ்டர் போர்வையோடு என்னைத் தூக்கினார். வாசலில் இருந்த ஒரே வண்டி ஊத்துக்கோட்டை அம்மாவின் கார். அவரே முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். ஸ்பீக்கர் சத்தம் கேட்டு எதிர்வீட்டு நர்சம்மா மழையில் ஓடிவந்து காரில் ஏறினார். அன்று அவருக்கு லீவு. பெண் பார்க்க வந்த காரில், மாப்பிள்ளையின் அம்மா மடியில் காலை நீட்டிக்கொண்டு, நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் விழித்தபோது இரண்டு கையிலும் டியூப். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். திட்டவில்லை. கேட்டார்.

"யாரு சொன்னா, சாப்பிடலன்னா இன்சுலின் வேணாம்னு?"

"நானே யோசிச்சேன் மேடம்."

"என்ன படிச்சிருக்க?"

"பி.காம்."

"அதான். உனக்கு சாப்பாடு இல்லன்னாலும் இன்சுலின் வேணும். அது இல்லன்னா உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும், ரத்தம் விஷமாகும். இன்னும் கொஞ்ச நேரம் பாடியிருந்தாங்கன்னா உங்க பாஸ்டர் வேற ஆராதனைதான் நடத்தியிருக்கணும்."

நர்சம்மா கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, எதிர் ஊட்ல குந்திக்கினு இருக்கேன். எங்க சென்டர் ஃப்ரிட்ஜுல இன்சுலின் இருக்குது. ஏன் கேக்கல?"

"நீ வெளிய சொல்லிடுவன்னு..."

"நானா? இப்ப நீ சொன்ன அளவுக்கு நான் ஜென்மத்துக்கும் சொல்ல முடியுமா?"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நைனா மில் யூனிஃபார்மோடு வந்து வாசலில் நின்றிருந்தார். "கடைசியில மைக்க கட்டிக்கினது நீதாண்டி," என்றார். என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ஸ்ட்ரிப்பும் ஊசிமுனையும் அவர்கள் சென்டரில் கிடையாது. அதற்கும் நர்சம்மாதான் வழி சொன்னார். திருவள்ளூரில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது, என்னைப்போல டைப் ஒன் உள்ள வசதியில்லாத பிள்ளைகளுக்கு மெஷின், ஸ்ட்ரிப், ஊசிமுனை எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள், இன்சுலினுக்குத் தட்டுப்பாடு வந்தால் அதுவும் தருகிறார்கள் என்றார். வீட்டுக்கு வந்த வாரமே போனோம். காலேஜ் படிக்கும்போது எத்தனையோ தடவை அந்தக் கட்டடத்தைத் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறேன். போர்டுகூடப் படித்த ஞாபகம். அங்கே இருந்த அக்கா என் விரல்நுனியைப் பார்த்தார், என் பழைய ஊசிமுனையைப் பார்த்தார், ஒரு பையை நிரப்பிக் கொடுத்தார். "தீர்றதுக்கு முன்னாடி வா. தீர்ந்த பிறகு வராத," என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் புது ஸ்ட்ரிப்பை மாட்டி விரலைக் குத்திப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும். அம்மா யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஊத்துக்கோட்டை வரன் அப்படியே நின்றுபோனது. அந்த அம்மா ஒரு தடவை போன் பண்ணி, பொண்ணு எப்படி இருக்கா என்று மட்டும் கேட்டார். எனக்கு வருத்தமில்லை. கார் கொடுத்தார், மடி கொடுத்தார். மகனையும் கொடு என்றால் ஓவர்.

நான் சபைக்குத் திரும்பிப் போன முதல் ஞாயிறு பாஸ்டர் மைக்கைப் பிடித்து வழக்கமாகக் கேட்கும் விண்ணப்பத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, "இன்னிக்கு யாரும் சரீர பெலவீனம்னு சொல்லக் கூடாது. வியாதிக்கு பேரு இருக்குதில்ல? பேர சொல்லுங்க," என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. பாஸ்டருக்கே சங்கடமாகி, சரி பாட்டுக்குப் போகலாம் என்று வாயெடுத்தபோது மெர்சி ஆண்ட்டி எழுந்தார்.

"சுகரு, பாஸ்டர். எனக்குத்தான். மாத்திரைய ரெண்டா ஒடச்சி, இன்னிக்கு பாதி நாளிக்கி பாதின்னு போட்டுக்கினு இருக்கேன். கால் மரத்துப் போச்சு. கல்யாணத்துக்கு கல்யாணம் நடக்குறேன்ல, யாரும் கண்டுக்கல."

அதற்குப் பிறகு நாற்காலி நகரும் சத்தம் நிற்கவில்லை. வெல்டிங் வேலை செய்யும் பிரதர், இட்லிக்கடை அக்கா, டிரம்ஸ் அடிக்கிறவனின் அப்பா. எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வியாதியை மறைத்து, ஒருவருக்காக ஒருவர் 'பெலவீனம்' என்று ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறோம். மாத்திரைக்காரர்களுக்கு நர்சம்மா சென்டரில் பதிந்து கொடுத்தார். என்னைப்போல ஊசி போடும் பிள்ளைகள் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். திருவள்ளூருக்கு அலைய அவர்களுக்கு வசதியில்லை. டிரஸ்ட்காரர்களிடம் பாஸ்டர் பேசினார். இப்போது திருவிருந்துக்கான திராட்சரசம் வைக்கும் சபை ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டு முழுக்க இன்சுலின், பக்கத்து அலமாரியில் ஸ்ட்ரிப். சாவி என்னிடம்.

காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தி கேட்டாள்: "மருந்து குடுத்தது கவர்மெண்டும் டிரஸ்ட்டும். இதுல உங்க ஆண்டவர் இன்னாடி பண்ணாரு?" நியாயமான கேள்வி. மருந்து எதிர்வீட்டு நர்சம்மா கையில் இருந்தது. டிரஸ்ட் பஸ் போகிற வழியில் இருந்தது. இல்லாமல் இருந்தது எங்கள் வாய் மட்டும். அம்மா கேட்ட இரண்டு வரியில், யாருக்கும் தெரியக் கூடாது என்பதை ஆண்டவர் கேட்கவே மறுத்துவிட்டார். அதை மறுத்தால்தான் மற்றதைக் கொடுக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தாயை எழுப்பி மேடைக்கு நடக்க வைத்தது யார் என்று கேட்டால் எனக்கு வேறு பதில் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சரி.

நைனாவின் அட்டையில் பெயர் ஏறிவிட்டது. நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் சேர்ந்திருக்கிறேன். இன்டர்வியூவில் சுகர் என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். உபவாச ஜெபத்துக்கு இப்போதும் போகிறேன். சுகர் உள்ளவர்கள் உபவாசம் இருக்கக் கூடாது என்று பாஸ்டர் சட்டமே போட்டுவிட்டார். விழுந்தால் முதலில் விரலைக் குத்திப் பார்ப்பது, பிறகுதான் போர்வை.

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா தன் மகளோடு வந்தார். பொட்டு, கையில் கோயில் கயிறு. ஆராதனை முடியும்வரை மழையில் வெளியே நின்றிருந்தார்கள்.

"நாங்க சாமி கும்புடறவங்க. உள்ள வரலாமா?"

"ஃப்ரிட்ஜுக்கு இன்னா மதம்னு இன்னும் யாரும் கேக்கல," என்றார் மெர்சி ஆண்ட்டி. "உள்ள வாம்மா, புள்ள நனையுது."

அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. ஸ்கூலில் யாருக்கும் தெரியாது என்றாள். சரி, மெதுவாகச் சொல்லிக்கொள் என்றேன். பையை நிரப்பிக் கொடுத்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர் மாத்திரையை உடைத்துப் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் நம்பத் தகுந்தவர். கேட்டதையே பக்கத்து நாற்காலிக்காரரிடமும் சொல்லுங்கள். அவர் பதில் கொடுக்கப் பெரும்பாலும் அந்த நாற்காலியைத்தான் பயன்படுத்துகிறார். யாரும் இல்லையென்றால் எங்கள் சபைக்கு வாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில்தான் இருப்பேன். ஒன்றே ஒன்று, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.